தங்க டிக்கெட்டும் முறைத் தண்ணீரும்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. முப்பது வருடமாகக் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். கடைக்காரர் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தால்கூடத் திரும்பிப் போய்க் கேட்காமல், வீட்டுக்கு வந்து வருத்தப்படுகிற ஆள் நான். அப்படிப்பட்டவள் ஒரு வெளிநாட்டுக்கு நாலு நாள் போய்வந்துவிட்டு அதைப் பற்றி எழுதுவது அதிகம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் இதை எழுத வேண்டியவள் என் தோழி யோகம். அவளைக் கேட்டதற்கு, தான் எழுதினால் முழுக்கத் திட்டாகத்தான் வரும், நீயே எழுது என்று சொல்லிவிட்டாள்.

யோகேஸ்வரி மட்டக்களப்புப் பக்கம் கிரான் என்ற ஊர்க்காரி. சண்டைக் காலத்தில் கடல் தாண்டி வந்து, எங்கள் ஊருக்குப் பக்கத்து முகாமில் இருந்தவள். பதினோரு வருடம் என் பக்கத்துத் தறியில் நின்றாள். தறிக்குடோனுக்குள் பேச்சு கேட்காது. அங்கே வேலை செய்கிற எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசப் பழகிவிடுவோம். டீ நேரத்தில் ரேடியோவில் கேட்ட பாட்டை, தறி ஓடத் தொடங்கியதும் யோகம் சத்தமில்லாமல் உதட்டால் பாடுவாள். அடுத்த வரியை நான் உதட்டால் பாடுவேன். எல்லாம் ஒரே பாடகியின் பாட்டுகள். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததில் அந்த அம்மாவுக்குப் பங்கில்லை என்று நினைக்கிறேன். அவர் பாடியதில் எங்களுக்கு மிகவும் பிடித்ததை நாங்கள் 'துணி துவைக்கிற பாட்டு' என்போம். ஆற்றில் நிற்கும் ஒரு பெண், கரையில் நிற்பவனைப் பார்க்காமலே அவனிடம் பேசுவதுபோல் வரும். அதிகம் பேருக்குத் தெரியாத பாட்டு.

யோகம் ஊர் திரும்பிப் பல வருடம் ஆகிவிட்டது. தறிச் சத்தத்தில் அவளுடைய இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காதில் மெஷின் வைத்திருக்கிறாள். அதுவும் வருடத்துக்கு வருடம் மங்குகிறது. எங்களுக்குள் போன் பேச்சு நின்று, எழுத்துச் செய்தி மட்டும்தான். போன வருடம் ஒரு நாள் அவளிடமிருந்து செய்தி வந்தது. எங்கள் பாடகி அம்மா மட்டக்களப்புக்குப் பாட வருகிறார். இனிமேல் தூரப் பயணம் இல்லை என்று சொல்லியிருக்கிறார். 'கிட்ட இருந்து வாயைப் பார்த்தால் எனக்கு விளங்கும். தூர இருந்தால் வெறும் இரைச்சல். முன்னுக்கு எடு.'

டிக்கெட் வாங்கியதே ஒரு தனிக் கதை. விற்பனை தொடங்கிய நாள் காலையில் லீவு போட்டுவிட்டுப் போனோடு உட்கார்ந்தேன். முதலில் வரிசையில் நிற்கச் சொன்னது. ஒரு சின்ன மனித உருவம் ஒரு கோட்டின் மேல் நடந்துகொண்டே இருந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து உள்ளே விட்டது. மைதானத்தின் படம் வந்தது. மேடை, அதற்கு நேர் முன்னால் தங்கம், பிறகு வெள்ளி, பிறகு பொது. தங்கத்தில் இரண்டாம் வரிசையில் இரண்டு நாற்காலிகளைத் தொட்டேன். உடனே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடத் தொடங்கியது. இதே இருக்கைகளை இன்னும் பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சிவப்பு எழுத்தில் காட்டியது. அந்தப் பதினான்கு பேரும் என் முதுகுக்குப் பின்னால் மூச்சு விடுவதுபோல் இருந்தது. பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் முன்பு காட்டிய விலை இல்லை. தேவை கூடியதால் விலை மாறிவிட்டதாம். அதற்கு மேல் சேவைக் கட்டணம், சேவைக் கட்டணத்துக்கு வரி, வெளிநாட்டு அட்டை என்பதால் டாலர் விலை. மொத்தம் என் இரண்டு மாதக் கூலி. கடிகாரத்தில் நாற்பது விநாடி இருந்தது. அழுத்திவிட்டேன்.

என் வீட்டுக்காரர், "ஒரு பாட்டுக்கா கடல் தாண்டிப் போற?" என்றார். ஆமாம் என்றேன்.

முதல் நாளே தவறு செய்தேன். மட்டக்களப்பிலிருந்து கிரான் போகும் பஸ்ஸில், இறங்க வேண்டியவர்கள் 'இறக்கம்' என்று சத்தம் போடுகிறார்கள். நான் மூன்று முறை வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கிரான் என்று எழுதிய கடைப் பலகைகள் ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கடைசியில் ஓட்டமாவடியில் ஒரு பெரியம்மா இறங்கியபோது அவர் பின்னாலேயே நானும் இறங்கிவிட்டேன்.

அங்கிருந்து ஆட்டோவில் திரும்பினேன். ஓட்டியவர் ஓட்டமாவடிக்காரர், ஒன்பது வருடம் கத்தாரில் இருந்தவர். நான் இரண்டு வார்த்தை பேசியதுமே இந்தியாவா என்று கேட்டார். எதற்கு வந்தேன் என்பதைச் சொன்னதும் வண்டியை மெதுவாக்கிவிட்டார். அவரும் மனைவிக்காக டிக்கெட் எடுக்கப் பார்த்தாராம்.

"அவன்ட மணிக்கூடு ஓடின ஓட்டத்தில என்ட நெஞ்சு நிண்டு போற மாதிரி வந்திட்டு. போனை மூடி வெச்சிட்டுப் போய்த் தேத்தண்ணி குடிச்சன்" என்றார்.

யோகம் தெருவுக்கு வந்து நின்றாள். என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, முதல் வேலையாக என்னைத் தன் வலது பக்கத்துக்கு மாற்றினாள். நாலு நாளும் நான் அந்தப் பக்கத்தில்தான் நடந்தேன். பேசும்போது என் வாயையே பார்ப்பாள். ஊரில் யாராவது அப்படிப் பார்த்தால் கூசிப்போவேன். அவளிடம் கூசவில்லை.

மத்தியானம் சோறும், தேங்காய்ப்பால் விட்ட கணவாய்க் கறியும், முருங்கையிலைச் சுண்டலும் போட்டாள். கடைசியில் சட்டியோடு எருமைத் தயிரை எடுத்து வைத்தாள். எங்கள் ஊர்த் தயிரைக் கரண்டியால் ஊற்றுவோம். இதை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. மேலே பாணி, அதாவது வெல்லப்பாகு, விட்டுச் சாப்பிட வேண்டுமாம். தயிருக்கு இனிப்பா என்று யோசித்துவிட்டு, மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

அவளுடைய கணவர் சாமித்தம்பி அண்ணன் அதிகம் பேசாதவர். பாட்டு கேட்பதில் அவருக்கு ஆசை கிடையாது. வயல்வெளியை அங்கே வட்டை என்கிறார்கள். ஒரு வட்டைக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுவதற்கு விவசாயிகள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் பெயர் வட்டவிதானை. சாமித்தம்பி அண்ணன் அந்த வேலையில் இருக்கிறார். சட்டைப் பையில் ஒரு நீள நோட்டுப் புத்தகம், அதில் யாருடைய வயலுக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று எழுதியிருக்கும்.

சாயங்காலம் எங்களை வட்டைக்கு அழைத்துப் போனார். சிறுபோகம் என்கிற கோடை வெள்ளாமை நின்றது. மேற்கிலிருந்து சூடான காற்று அடித்தது. தண்ணீர் போதாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன். அவர் வரப்பில் உட்கார்ந்து விளக்கினார். தண்ணீர் குறைந்த வருடம் கீழ் வயல்களுக்கு எட்டாது. அப்போது கீழே வயல் வைத்திருப்பவர்களுக்கும் குளத்துக்குக் கிட்ட மேல் வயலில் அந்தப் போகத்துக்கு மட்டும் ஒரு துண்டு கொடுப்பார்களாம். அதுவும் போதாவிட்டால் முறை வைப்பார்களாம்.

"மேல ஒருத்தன் வெறும் நிலத்தை வெச்சுக்கொண்டு, கீழ ஒருத்தன் காஞ்சு போறதுக்கு விடுறதில்ல தங்கச்சி. அதுக்குத்தான் கூட்டம் போடுறது" என்றார்.

எனக்கு அது அன்றைக்குச் சும்மா ஒரு தகவலாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் மட்டக்களப்பு நகரத்துக்குப் போனோம். போனில் வாங்கிய டிக்கெட்டைக் காட்டி முந்தின நாளே கையில் கட்டும் பட்டி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று செய்தி வந்திருந்தது. பட்டிக்குத் தனிக் கட்டணம். ஏறாவூரில் பஸ் டயர் வெடித்து முக்கால் மணி நேரம் நின்றது. பயணிகள் யாரும் முணுமுணுக்கவில்லை, இறங்கி எதிரே இருந்த கடையில் வரிசையாக உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டார்கள். எங்கள் ஊரில் என்றால் கண்டக்டரைச் சுற்றி ஒரு கூட்டம் கூடியிருக்கும்.

மைதானம் வாவி என்கிற காயலின் கரையில் இருந்தது. மேடை எழுப்பி முடித்து, நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடைக்கு முன்னால் வெள்ளை சோபாக்கள் வரிசை வரிசையாக வந்து இறங்கின. அதற்குப் பின்னால் துணி போர்த்திய நாற்காலிகள். அதற்கும் பின்னால் ஆள் உயரத்துக்கு மரப் பலகையில் ஒரு மேடு, கேமரா வைக்க. அந்த மேட்டுக்குப் பின்னால்தான் 'தங்கம்' என்று பலகை தொங்கியது.

பட்டி கொடுக்கும் இடத்தில் கச்சேரி நடத்தும் நிறுவனத்தின் மேலாளர் நின்றார். கொழும்பிலிருந்து வந்த இளைஞர், கழுத்தில் அட்டை. நான் ஊரில் பிரிண்ட் எடுத்து வந்த மைதானப் படத்தை யோகம் அவர் முன்னால் விரித்தாள். அவர் கோபப்படவே இல்லை. கேட்டவர்கள் அதிகம் என்பதால் ராயல், டயமண்ட் என்று இரண்டு பகுதி புதிதாகச் சேர்த்திருக்கிறார்களாம். படம் மாறலாம் என்று நிபந்தனையில் எழுதியிருக்கிறதாம்.

"உங்கட கோல்டை யாரும் எடுக்கல்ல ஆன்ட்டி. கோல்ட்ல ரெண்டாவது வரிசை இப்பவும் ரெண்டாவது வரிசைதான். கோல்ட் கொஞ்சம் பின்னுக்குப் போயிருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

முன்னால் போக வேண்டுமானால் ஆளுக்கு இவ்வளவு கட்டி டயமண்டுக்கு மாறலாம் என்று ஒரு தொகை சொன்னார். தங்க டிக்கெட்டின் விலையில் முக்கால் பங்கு அது. நான் கைப்பையைத் திறந்தேன். ஊருக்குத் திரும்பும் செலவுக்கு வைத்திருந்த பணம் உள்ளே இருந்தது. சண்டை போடுவதைவிடக் கொடுத்துவிடுவது எனக்கு எப்போதும் சுலபம். யோகம் என் பையை மூடினாள்.

எங்களுக்குப் பின்னால் நின்றவர் காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் பரீதா ராத்தா. ராத்தா என்றால் அக்கா. வயது ஐம்பத்தைந்து இருக்கும். தங்கைகளுக்கும் சேர்த்து நாலு தங்க டிக்கெட் வாங்கியிருந்தார். மேலாளரிடம் அவர் சொன்னது எனக்கு மறக்காது. "ஆறு முழம் எண்டு காசு வாங்கிப்போட்டு நாலு முழம் கிழிச்சுக் குடுத்தா, என்ட கடைய எரிச்சிப்போடுவாங்க மனே" என்றார். 'மனே' என்றால் மகனே. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு எல்லோரும் பட்டியைக் கட்டிக்கொண்டு நகரப் பார்த்தார்கள்.

அப்போதுதான் சாமித்தம்பி அண்ணன் வந்தார். உர விஷயமாக நகரத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்தவர், எங்களைப் பார்க்க எட்டிப்பார்த்தார். யோகம் சொன்னதைக் கேட்டார். உள்ளே போய் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து வந்து படத்தைக் கேட்டு வாங்கினார். பிறகு அந்த நீளப் புத்தகத்தை எடுத்து, வெளியே வருகிற தங்க டிக்கெட்காரர்கள் ஒவ்வொருவரையும் நிறுத்திப் பெயர், ஊர், நாற்காலி எண் கேட்டு எழுதினார். நாளைக்கு இரண்டு மணிக்கு மைதானத்து வாசலில் நிற்கும் வாகை மரத்தடியில் கூட்டம் என்று சொல்லி அனுப்பினார். என்ன கூட்டம் என்று கேட்டவர்களிடம், வட்டைக் கூட்டம் என்றார்.

மூன்றாம் நாள், கச்சேரி நாள். யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். எண்பது பேர் அளவில் வந்தார்கள். கல்குடாவிலிருந்து ஒரு குடும்பம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தது. சாமித்தம்பி அண்ணன் வயல் அளக்கும் முடிச்சுக் கயிற்றைக் கொண்டுவந்திருந்தார். இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லி மேடையிலிருந்து தங்கத்தின் முதல் வரிசை வரை அளந்தார். பத்தொன்பது பாகம். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். படத்தில் இரண்டுக்கும் நடுவே எதுவுமில்லை. புத்தகத்தில் எழுதி, சத்தமாகப் படித்தார். வாயில் காவலுக்கு நின்ற ஒருவர் வேலியில் சாய்ந்துகொண்டு, "விதானையார், உங்கட வட்டைக்குத் தண்ணி எப்ப?" என்று கேட்டார். "மேல் வாய்க்கால்காரன் கட்டி வெச்சிருக்கான். வரும்" என்றார் இவர்.

அந்த நேரத்தில் என் போனில் ஒரு செய்தி வந்தது. இன்று மட்டும், டயமண்ட் பாதி விலை. சில இருக்கைகளே மீதம். தொட்டதும் அதே கடிகாரம். பத்து நிமிடம். அந்தப் பாதி விலை, நான் தங்கத்துக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. முன்கூட்டி வாங்கியவள் நான்தான் முட்டாள் என்று எழுதிக் காட்டியதுபோல் இருந்தது. ஆனால் இரண்டு இருக்கை இருந்தது, மூன்றாவது வரிசையில். யோகத்துக்கு வாய் தெரியும். கடல் தாண்டி வந்ததே அதற்குத்தானே. மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிப்போய், முதல் டிக்கெட்டுக்கும் இரவல் வாங்கியிருந்த, ஊரில் இருக்கும் என் தம்பியின் வங்கி அட்டை எண்ணைப் போடத் தொடங்கினேன்.

யோகம் வந்து போனின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இதுக்குள்ளால ஒளிச்சுப் போய் நான் முன்னுக்கு இருக்கவாகா?" என்றாள். அங்கே பெண்கள் ஒருத்திக்கொருத்தி பேசும்போது வார்த்தை முடிவில் 'கா' போடுவார்கள். "அந்த மனிசன்ட புத்தகத்தில முதலாவதா என்ட பேர் கிடக்கு. பின்னுக்கு இருக்கிற சனத்துக்கு நான் எப்படி முகம் குடுக்கிறது?"

பாட்டு கேட்க வேண்டாமா என்றேன். சத்தமில்லாமல், உதட்டால் மட்டும். கேட்க வேணும் என்று அவளும் உதட்டால் சொன்னாள். கையை எடுக்கவில்லை. கடிகாரம் அவள் கைக்குக் கீழே ஓடி முடிந்தது.

மேலாளர் வந்து கூட்டத்தைக் கலையச் சொன்னார். சாமித்தம்பி அண்ணன் ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லி அவரை அதில் உட்காரச் சொன்னார். விவசாயிகளின் பயிர்க் கூட்டத்தில் நீர்ப்பாசன அதிகாரி உட்கார்ந்தால்தான் கூட்டம் தொடங்குமாம். யாரோ ஒரு சோடாவை உடைத்து மேலாளர் கையில் கொடுத்தார்கள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு, சோடாவோடு உட்கார்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

முன்னால் விற்காமல் எத்தனை இருக்கை கிடக்கிறது என்று சாமித்தம்பி அண்ணன் கேட்டார். அதைச் சொல்ல முடியாது என்றார் மேலாளர். பரீதா ராத்தா தன் தங்கைகளை அனுப்பிப் பட்டி வாங்கியவர்களின் தாளைப் பார்த்து எண்ண வைத்திருந்தார். டயமண்டில் நாற்பதுக்கு ஆள் இல்லை. அது கடைசி நேரத்தில் வாசலில் விற்றுவிடும் என்றார் மேலாளர். விற்காவிட்டால் காலியாகவே இருக்கும், அது கொம்பனி முடிவு என்றார்.

அப்போது கையைத் தூக்கச் சொன்னார் சாமித்தம்பி அண்ணன். ஒரே ஒரு தீர்மானம். ஆறு மணி வரை விற்காத முன் இடங்களை எங்களுக்குத் திறந்துவிட வேண்டும். அதுவரை தங்க டிக்கெட்காரர் யாரும் உள்ளே போவதில்லை. எல்லாக் கையும் உயர்ந்தது. என் கையும். பொது இடத்தில் நான் கை தூக்கியது அதுதான் முதல் தடவை.

"முன்னுக்கும் வெறும் சோபா, பின்னுக்கும் வெறும் கதிரை. நடுவுல கேமராவ வெச்சு என்னத்த மனே படம் புடிக்கப் போறிங்க?" என்று பரீதா ராத்தா அமைதியாகக் கேட்டார்.

மேலாளர் சோடாவை வைத்துவிட்டுத் தள்ளிப்போய்ப் போனில் பேசினார். மூன்று முறை பேசினார். ஐந்தே முக்காலுக்கு வந்து சரி என்றார். முந்தி வருகிறவர்கள் முந்தி உட்காரலாம் என்றார்.

எண்பது பேரும் நாற்பது இடத்துக்கு ஓடியிருக்க வேண்டும். ஒருவரும் எழவில்லை. சாமித்தம்பி அண்ணன், முறைதான் என்றார். அதில் அவரைவிடக் கண்டிப்பாக நின்றார் பரீதா ராத்தா. நடுவில் அம்மா இளைப்பாற கால் மணி நேரம் வாத்தியம் மட்டும் வாசிப்பார்கள். அதற்கு முன் ஒரு பாதி, அதற்குப் பின் ஒரு பாதி. இடப்பக்க நாற்காலிக்காரர், வலப்பக்க நாற்காலிக்காரர் என்று இரண்டு சீட்டு எழுதிக் குலுக்கினார்கள். வலப்பக்கத்துக்கு முதல் பாதி விழுந்தது. பரீதா ராத்தா அந்தப் பக்கம். நாங்கள் இடப்பக்கம், இரண்டாம் பாதி.

யோகத்துக்குக் காது கேட்காது, அவளை இரண்டு பாதியும் முன்னால் விடுவோம் என்று கல்குடாக்காரர் ஒருவர் சொன்னார். சாமித்தம்பி அண்ணன் மறுத்துவிட்டார். "விதானைட வீட்டுக்கு ரெண்டு முறையா எண்டு நாளைக்கு என்ட வட்டையில கேப்பாங்கள்" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. யோகம் கோபப்படவில்லை. துணி துவைக்கிற பாட்டை அம்மா எல்லா ஊரிலும் கடைசிக்கு முன்னால்தான் பாடுகிறார், நாங்கள் வீடியோவில் பார்த்திருக்கிறோம், இரண்டாம் பாதிதான் நமக்கு நல்லது என்றாள். எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதி மேலாளரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவரும் போட்டார். சாமித்தம்பி அண்ணனுக்கு டிக்கெட் கிடையாது. அவர் மரத்தடியிலேயே இருந்துவிட்டார்.

கச்சேரி தொடங்கியது. எங்கள் நாற்காலியிலிருந்து பலகை மேட்டின் முதுகு தெரிந்தது. இரண்டு பக்கமும் பெரிய திரை இருந்தது. அதில் அம்மாவின் வாய் பாட்டுக்குச் சற்றுப் பிந்தி அசைந்தது. நடுநடுவே விளம்பரம் வந்தது. யோகம் மெஷினைத் திருகிப் பார்த்துவிட்டு, நோகிறது என்று குறைத்து வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு, விருந்துக்கு வந்து பந்திக்குக் காத்திருப்பவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாவது பாட்டு. புல்லாங்குழல் ஒரு இழுப்பு இழுத்தது. அது போதும் எனக்கு. கடைசியில் வர வேண்டிய துணி துவைக்கிற பாட்டு.

யோகத்தைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியவில்லை. பலகையைப் பார்த்து மரியாதைக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டிருந்தால் அவளுக்கு எப்போதும் தெரிந்திருக்காது. அந்த நினைப்பு ஒரு கணம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

முன் இடங்களை மறித்துக் கட்டியிருந்த கயிற்றுக்குப் பக்கத்தில், மத்தியானம் கேலி செய்த அதே காவலர் கையை நீட்டினார். "இப்ப இவங்க முறை" என்றேன். வாழ்க்கையில் நான் சத்தமாகச் சொன்ன ஒரே பொய் அது. அவர் எங்கள் பட்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கயிற்றைத் தூக்கினார்.

பரீதா ராத்தா நாலாவது வரிசையில் ஓரத்து இருக்கையில் இருந்தார். அவரிடம் பொய் சொல்ல வரவில்லை. குனிந்து, "எங்க முறை இல்ல ராத்தா. ஆனா இந்தப் பாட்டுக்குத்தான் வந்தோம். இவ இதைப் பார்க்கணும்" என்றேன். முறை வைக்க வேண்டும் என்று அன்று எல்லோரையும்விடக் கண்டிப்பாக நின்றவர் அவர். யோகத்தை மேலும் கீழும் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரு பாட்டு. மறுகா எனக்குத் திருப்பித் தரணும்" என்றார்.

யோகம் உட்கார்ந்தாள். முன்னால் குனிந்தாள். அம்மா மேடையின் இந்தப் பக்கமாக வந்து நின்று பாடிக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒலிவாங்கியை வாய்க்குக் கொஞ்சம் கீழே பிடித்திருந்தார், உதடு முழுதாகத் தெரிந்தது. முதல் சரணத்தில் யோகம் அசையவில்லை. இரண்டாம் சரணம் தொடங்கும்போது திரும்பி, கயிற்றோரம் நின்ற என்னைத் தேடிப் பார்த்தாள். முதல் வரியை உதட்டால் சொன்னாள். அடுத்தது நான் சொல்ல வேண்டிய வரி. சொன்னேன்.

பாட்டு முடிந்த கையோடு எழுந்துவிட்டாள். கைதட்டல் ஓயும் வரைகூட இருக்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு எங்கள் முறை வந்து முன்னால் உட்கார்ந்தபோது, மூன்றாவது பாட்டுக்கு எழுந்து போய்ப் பரீதா ராத்தாவைக் கூட்டி வந்து தன் இடத்தில் உட்கார வைத்தாள். அந்த ஒரு பாட்டு முழுக்கப் பலகைக்குப் பின்னால் நின்றாள். அது என்ன பாட்டு என்று பிறகும் அவள் என்னிடம் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் சாமித்தம்பி அண்ணன், முறையெல்லாம் சரியாக நடந்ததா என்று மட்டும் கேட்டார். யோகம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் தெருவிளக்குக்குக் கீழே புத்தகத்தை விரித்து, ஒரு பாட்டு வாங்கி ஒரு பாட்டு கொடுத்ததை எழுதிக்கொண்டார்.

பஸ்ஸில், கேட்டதா என்று அவள் வலது பக்கத்திலிருந்து கேட்டேன்.

"முதல் வரி காதாலயே கேட்டுதுகா. மிச்சம் வாயில பார்த்தன்" என்றாள்.

கிரான் வந்தபோது கண்டக்டர் பின்பக்கம் இருந்தார். இறக்கம் என்று நான்தான் சத்தம் போட்டேன்.

மறுநாள் காலை அந்த நிறுவனத்திலிருந்து, நிகழ்ச்சிக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று போனில் செய்தி வந்தது. சாமித்தம்பி அண்ணன் வட்டைக்குத் தண்ணீர் பார்க்கப் போய்விட்டார். நானும் யோகமும் வாழைச்சேனைக்குப் போய் அவளுடைய மெஷினுக்குப் பேட்டரி வாங்கிவிட்டுத் திரும்பினோம்.